இலங்கை தவிர

இரண்டு பத்துக்கு நெஞ்சுப் பையில் ஃபோன் துடித்தது.
வாழைச்சேனைத் துறையில் ஐஸ் ஃபக்டரிக் காவல் எனக்கு.
கட்டி அரைக்கிற சத்தத்தில் மணி கேளாது,
துடிப்புத்தான்.

"மச்சான், முழிப்பா?
வானத்தில நிக்கிறன்."

தவநேசன்.
குடித்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"பிளேனுக்குள்ள வைஃபை விடுறானுகள்.
இருபது நிமிசம் சும்மா, மறுகா காசு.
எழுத்து மட்டும் போகும்டா.
படமும் போகா, குரலும் போகா."

பாரிசில் தங்கச்சியின் கலியாணம் முடித்து
மெல்பேர்ன் கிறுகுகிறான்.
முன் சீற்றின் முதுகில் ஒரு வரைபடமாம்,
அதில் நகம் அளவு வெள்ளைப் பிளேனாம்.
கொழும்பு இருக்காம், திருகோணமலை இருக்காம்,
நம்மட பக்கம் பேரில்லாத பச்சையாம்.
"அந்தப் பச்சைக்கு மேலதான் ஊர்ந்து வாறன்.
இன்னும் ஒன்பது நிமிசம்."

இறங்கி வாவன்டா என்று அடித்தேன்.
பகிடிக்கு.

நீலச் சரி இரண்டும் உடனே விழுந்தன.
எழுதுகிறான், நிறுத்துகிறான், எழுதுகிறான்.
ஒன்பதில் இரண்டு நிமிசம் அதிலேயே போனது.

"என்ட பயணப் புத்தகத்தில அடிச்சிருக்கு.
எல்லா நாட்டுக்கும் செல்லும்.
இலங்கை தவிர."

பன்னிரண்டாம் ஆண்டு, இதே துறை.
மீனுக்கென்று ஐம்பது கட்டி ஏற்றிவிட்டவன் நான்.
மீனுக்கில்லை என்று எனக்கும் தெரியும்.
படகுக்குள் குந்தியிருந்த ஐம்பத்து மூன்று பேருக்கும் தெரியும்.
காசு? வந்து தாறன் என்றான்.
இருபத்திரண்டு நாள்
ஓர் எழுத்தும் வரவில்லை.
கட்டி எத்தனையாம் நாள் கரைந்திருக்கும் என்று
கணக்குப் பார்த்துக்கொண்டு இதே கதிரையில் இருந்தேன்.
கதிரை மாறிவிட்டது. இது பிளாஸ்டிக்.

"லைற்றைக் காட்டன் மச்சான்."

முற்றத்துக் கோபுரத்தில் நாலு பெரிய லைற்.
சுவிற்ச் அறைக்கு ஓடினேன்.
அணைத்தேன், எரித்தேன்.
அணைத்தேன், எரித்தேன்.
மூன்றாம் தரம் கை வழுக்கி
கொஞ்ச நேரம் இருட்டாகவே நின்றது துறை.
படகுகளில் படுத்திருந்தவர்கள் தூசணத்தில் விழித்தார்கள்.

ஆதம்லெவ்வை முதலாளி ஓட்டமாவடியிலிருந்து எடுத்தார்.
"என்னடாப்பா, கரண்ட் போயிற்றா?"
"இல்லக் காக்கா, ஒரு ஆளுக்கு லைற் காட்டின."
"ஆருக்கு?"
"மேல போறவனுக்கு."
"இன்னாலில்லாஹி," என்றார்,
"ஆருடா மவுத்து?"

விளங்கப்படுத்த எனக்கு நேரமில்லை.
வெளியே வந்து அண்ணாந்தேன்.
பாசிக்குடாப் பக்கமிருந்து கல்குடா மட்டும்
மேகம், கழுவாத சட்டி மாதிரி.
ஒரு வெள்ளி இல்லை.
இரைச்சல் கேட்டது போல இருந்தது.
அது ஐஸ் மெசினாகவும் இருக்கலாம்.

"எனக்கு நடுச் சீற்றுடா.
யன்னல் பக்கம் ஒரு வெள்ளக்காரப் பிள்ளை.
எட்டிப் பாக்கச் சொன்னன்.
கீழ ஒரு லைற் மின்னுதாம் என்கிறாள்."

மேகத்தைப் பற்றி நான் எழுதவில்லை.
எத்தனை தரம் மின்னிச்சாம் என்று கேட்டேன்.

ஒற்றைச் சரி.
ஒற்றைச் சரி.
இருபது நிமிசம் முடிந்திருக்க வேண்டும்.
அஞ்சரைக்கு லொறி வந்தது,
எண்பது கட்டி எண்ணி ஏற்றினேன்,
விரல் மரத்துப் போய்த் திரை திறக்கவில்லை,
மூக்கால் தட்டிப் பார்த்தேன்.
ஒற்றைச் சரி.

பகல் ஒரு மணி. நித்திரையில் கிடக்கிறேன்.
தலையணைக்குக் கீழே துடிப்பு.

"எண்ணல்லடா. கேக்கிறத்துக்குள்ள
அவள் நித்திரையாகிற்றாள்."

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"ஐஸ் ஒரு கட்டி
இப்ப என்ன விலை?"