எழுபது மீட்டரில் ஏதோ

ஆர்யெப்லோக் ஊருக்கு வடக்கே, உறைந்த ஏரியின் மேல்
நாங்கள் வழித்தெடுத்த சாலை.
மைனஸ் இருபத்தெட்டு.
வண்டியின் நெற்றியில் உள்ளங்கை அகல ரேடார்;
அதன் அலை ஒவ்வொன்றும்
எள்ளைவிடக் கொஞ்சம் நீளம்.

பிரென்லுண்ட் ஒவ்வொன்றாய்க் கொண்டுபோய் வைக்கிறான்:
செங்கல், பியர் டின், நனைந்து உறைந்த அட்டைப்பெட்டி,
ஒற்றை ரப்பர் பூட்ஸ்.
நான் உள்ளே, ஹீட்டரோடும் எண்களோடும்.
சொரசொரப்பானது பட்டதை எல்லாப் பக்கமும் இறைக்கும்.
அதில் ஒரு சிட்டிகை எனக்கும் திரும்பும்.
அந்தச் சிட்டிகையை வைத்துத்தான் பெயர் சொல்லவேண்டும்:
இது கல், இது தகரம்,
இது எவனோ தொலைத்த கால்.

வழவழப்பானதோடுதான் வம்பு.
சாய்வாய் வந்த அலையை
அப்படியே அந்தப் பக்கம் தள்ளிவிடும்,
'அடுத்த ஜன்னல்ல கேளுங்க' என்பதுபோல.
கண்ணாடிப் பனி அந்த ஜாதி.
திரையில் அது ஒன்றுமே இல்லை.
அந்த ஒன்றுமில்லையைப் படிக்க
எனக்கு மூன்று குளிர்காலம் ஆயிற்று:
சுற்றிலும் பனிப்பொருக்கு முணுமுணுக்க
நடுவில் ஒரு திட்டு மட்டும் வாய் மூடியிருந்தால்
பிரேக்.

நேற்று இரண்டரைக்கே இருட்டு.
எழுபது மீட்டரில் ஏதோ.
நாங்கள் வைக்காதது.
புதர் என்றது கணினி, நாற்பத்தொரு விழுக்காடு.
பிறகு பனிக்குவியல்.
பிறகு கூச்சமில்லாமல் மறுபடி புதர்.
மெத்தென்ற எதிரொலி,
உள்ளே போய்த் தங்கி, மனசில்லாமல் திரும்புவது;
விளிம்பே இல்லாத பொருள்.

ரிஸ்டென் லாப்பா ஸ்னோமொபைலை அணைத்தாள்.
திரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
"என்னுடையது" என்றாள்.

பனிமான்.
அதன் மயிர் ஒவ்வொன்றினுள்ளும் காற்று அடைத்திருக்கிறது.
வழித்த சாலையில் நடப்பது சுலபம் என்று
ஏரிக்கு இறங்கி, சலித்துப் படுத்துவிட்டது.

அவள் கையுறையைக் கழற்றினாள்.
இருட்டில் காதோரம் கத்தி வெட்டிய பள்ளங்களை
விரலால் ஒருமுறை தடவினாள். மறுமுறையும்.
"சே, என் மைத்துனனுடையது."
பிட்டத்தில் ஒரு தட்டு.
எழுந்து போனது; நான்கு கால்களும்
திரையில் நான்கு வேகமாய்ச் சிதறின.

வரிசை நாற்பத்தொன்றில் என்ன எழுதுவது
என்று யோசித்தபடியே வண்டியை மறுபடி விட்டேன்.
அது படுத்திருந்த இடம்
உடம்புச் சூட்டில் லேசாய் இளகி, இறுகி,
பளபளவென்று.

ரேடார் அங்கே எதுவும் சொல்லவில்லை.
காலை மிதித்தேன்.