இறக்கம்

தொப்பூர் கணவாயில் கவிழ்ந்து கிடந்தது
ராயக்கோட்டைத் தக்காளி லாரி.
சாலை முழுக்கச் சிவப்பு.
எது பழம், எது டிரைவர் மாதையன் என்று
குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

"பிரேக் ஃபெயிலியர்னு போட்டுடுங்க சார்."
லாரி முதலாளி குப்பண்ணன் டீ நீட்டினார்.
இன்சூரன்ஸ் சர்வேயர் நான்,
நசுங்கிய கேபினுக்குள் கையை விட்டேன்.
கியர் கம்பி நியூட்ரலில் ஆடியது,
விழப்போகும் பால்பல் மாதிரி.

இறக்கத்தில் மிச்சம் பிடித்த டீசல்
எவ்வளவு இருக்கும்? ஒன்றரை லிட்டர்?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.
டீ ஆறிப்போயிருந்தது.

மறுவருஷம் பிரீமியம் ஏறியது.
என்னைத் திட்டிக்கொண்டே கட்டினாராம்.

நேற்று பாளையம் டோல்கேட்டில்
அவருடைய இன்னொரு வண்டி.
டேஷ்போர்டில் பிள்ளையாருக்குக் கீழே
பெயின்ட்டில் கோணல் எழுத்து:
டீசல் என் காசு.
நியூட்ரல் போடாதே.