நான்காம் கூண்டின் எடை

முதல் நாள்
மாட்டுக் குருத்தெலும்பின் புரதத்தை
எண்ணெயோடு குழைத்தேன்.
தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால்
கலையாமல் நிற்க வேண்டும்.
நின்றது.
வால் தொடங்கும் இடத்தில் ஊசி,
சுண்டெலி ஒவ்வொன்றுக்கும்.

இருபத்தோராம் நாள் இன்னொரு முறை.

இடையில் ஒன்றும் தெரியாது.
கோரிமேட்டில் ஐப்பசி மழை.
ஜெனரேட்டர் இருமும், அடங்கும்.
சுவரில் இருந்த ஒரு பெட்டி
எலிகளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பகல் கொடுத்து
பன்னிரண்டு மணி நேரம் பிடுங்கிக்கொண்டது.
அவற்றின் ரத்தத்துக்குள்
யாரோ ஒரு முகவரியை
மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

மாடு எங்கே, சுண்டெலி எங்கே.
ஆனாலும் மூட்டுக்குள் இழை முறுக்கும் விதம்
இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று.
ஒரே மாதிரிக் கதவுகள் உள்ள தெருவில்
எதிரியின் வீட்டைத் தேடிப் போனவர்கள்
சொந்த வீட்டின் கீலைக் கழற்றினார்கள்.
கீல்:
கதவுக்கும் முழங்காலுக்கும்
நம் மொழியில் ஒரே சொல்.

இருபத்தெட்டாம் நாள் முதல் விரல் சிவந்தது.

மதிப்பெண் போடுவது என் வேலை.
ஒரு விரல் வீங்கினால் ஒன்று.
கணுக்கால் வரை ஏறினால் மூன்று.
மடங்க மறுத்தால் நான்கு.
எந்தக் கூண்டுக்கு மருந்து, எதற்கு வெறும் உப்புநீர்
எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.
அந்த உறை மேடத்தின் பீரோவில்.

அந்துவானுக்கும் தெரியாது.
வில்லியனூரிலிருந்து சைக்கிளில் வருவார்,
கூண்டு கழுவ, மரத்தூள் மாற்ற.
"நாலாம் கூண்டு தண்ணி குடிக்கல" என்றார் ஒரு காலை.
"குழாய் எட்டல. எம்பணும்ல.
பின்னங்கால்ல நிக்க முடிஞ்சாதானே எம்பும்?"

நான் காலிப்பரைத் துடைத்துவிட்டு
பதினொன்று, ஒன்பது, பதினொன்று
என்று எழுதினேன்.

அதற்குப் பிறகுதான்
நான்காம் கூண்டின் எடை ஏறத் தொடங்கியது.
வீக்கம் அப்படியே, எடை மட்டும்
அரை கிராம், அப்புறம் ஒன்று.
மேடம் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி
வரைபடத்தைப் பார்த்து
"ஏதோ இருக்கு" என்றார்.
அந்த ஏதோவை எடுத்துக்கொண்டு
கடற்கரைச் சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு
மூன்று தடவை நடந்தேன்.
கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குடையை எடுக்கப் போனபோது
அந்துவான் மண்டியிட்டிருந்தார்.
டிபன் மூடியில் ஊறவைத்த தீனி.
கோலிக்குண்டு அளவில் உருட்டி
மரத்தூள் மேலேயே வைத்துக்கொண்டிருந்தார்,
மூக்குக்குப் பக்கத்தில்.

"எல்லாக் கூண்டுக்குமா?"
"எட்டாததுக்கு மட்டும்."

கத்தியிருப்பேன்.
ஆனால் விதிப்புத்தகத்தைப் புரட்டியபோது
பக்கம் பதினேழில் இருந்தது:
நிற்க முடியாதவற்றுக்கு ஈரத்தீனி,
தரைமட்டத்தில்.
கீழே என் கையெழுத்து.

நாற்பத்திரண்டாம் நாள் எல்லாம் முடிந்தது.
எலும்பின் சுண்ணாம்பு கரைய மூன்று வாரம்.
சீவி, சிவப்புச் சாயம் ஏற்றி
கண்ணாடித் தகட்டில் பார்த்தேன்.
மிஞ்சிய குருத்தெலும்பு சிவப்பாக இருக்கும்.
கரைபோன இடத்தில் சாயம் பிடிப்பதில்லை.
அப்புறம் உறையைப் பிரித்தோம்.
மூன்றாம் கூண்டுக்கு உப்புநீர்,
நான்காம் கூண்டுக்கு மருந்து.
இரண்டிலும் ஒரே வெளுப்பு.

ஏறிய எடை
ஊறிய தீனியின் எடை.

குறிப்பேட்டில் எழுதினேன்:
முப்பத்தோராம் நாள் முதல் ஈரத்தீனி,
நான்காம் கூண்டுக்கு மட்டும். கொடுத்தவர்
என்று தொடங்கி, அவர் பெயர்.
எட்டிப் பார்த்தவர் கேட்டார்:
"இதனால எனக்கு ஏதும் வராதே?"

மார்கழியில் அடுத்த தொகுதி வந்தது.
கூண்டுகளில் நீளக் குழாய் போட்ட புட்டிகள்,
தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில்.
பில் என் மேசையில் கிடந்தது,
காகிதம் பறக்காமலிருக்க
மேலே ஒரு தீனிக்கட்டி.

கையெழுத்துப் போட்டேன்,
இந்த முறை படித்துவிட்டு.