ஒரு நொடி முந்தி

ப்ரொஜெக்டர் அறையின் சன்னல்
ஒரு பிஸ்கட் டப்பா மூடியின் அளவு.
அதன் வழியே எனக்கு முகங்கள் தெரியாது,
பிடரிகள் தெரியும்.
சிரிப்பை நான் தோள்களில்தான் பார்க்கிறேன்.

ஃப்ளீட்வுட்டில் மூன்று வாரமாய் அதே படம்.
ஓய்வுக்குக் காத்திருக்கும் சுங்க அதிகாரிகள் இருவர்
ஐஸ்கிரீம் வண்டியில் திருடர்களைத் துரத்துகிறார்கள்.
வண்டியின் மணி நிற்காமல் பாடுகிறது.
பின்னால் ஒரு கிடங்கு வெடிக்கிறது.
"மன்னிக்கவும்" என்கிறார் ஒருவர்,
கிடங்கைப் பார்த்து.

வெள்ளி இரவில் அந்த ஒற்றைச் சொல்லுக்குக்
கூரை பெயர்ந்தது.
புதன் மதியம், தேநீர் இலவசமான காட்சியில்,
கோப்பைகள் தட்டில் அமரும் ஓசை மட்டும்.
இதில் வேடிக்கை என்ன இருக்கிறது?
கிடங்கை எரித்தவர் மன்னிப்புக் கேட்பது
முறைதானே.

முன்னாள் காவலர் கிளெமென்ட் விரல்விட்டு எண்ணினார்:
ஆறு குண்டுத் துப்பாக்கி
பத்தொன்பது முறை சுட்டிருக்கிறது.
வாசலில் என்னை நிறுத்தி
மளிகைக் கணக்கு போல ஒப்பித்தார்.
அடுத்த புதனும் வந்தார்,
சரிபார்க்க.

மீன் ஆலையில் இரவு வேலை முடித்து வந்த லெஷெக்
வெடிகளுக்கெல்லாம் தூங்கினான்.
நண்பர்கள் பிரியும் காட்சியில்
அரங்கமே மூச்சடக்கியபோது
திடுக்கிட்டு எழுந்து
போலிஷ் மொழியில் என்னவோ கத்தினான்.
அன்று அதிகம் சிரிக்க வைத்தது அவன்தான்.

ஒரு தகப்பன் சிரித்துச் சிரித்து இருமினான்.
மகள் ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்தாள்.
பிறகு இன்னும் ஒன்று.
இடைவேளைக்குள் சுவரைத் தொட்டுவிட்டாள்.

ஐம்பத்திரண்டாவது நிமிடம்
எங்கள் ஊர் மீன் சந்தை வரும்.
நான்கு நாள் வந்து எடுத்துப் போனார்கள்.
ஐஸ் பெட்டியோடு ஒருவர் குறுக்கே வருவார்,
வண்டியைப் பார்த்து நிற்பார்,
பிறகு பறந்துபோய்
விலாங்குத் தொட்டியில் தலைகுப்புற விழுவார்.

எல்லாக் காட்சியிலும் எல்லாரும் சிரிக்கிற இடம்
அது ஒன்றுதான்.
கிளெமென்ட்கூட எண்ணிக்கையை விட்டுவிடுவார்.

ஓர வரிசையில் வினிஃப்ரெட் த்ரெல்ஃபால் மட்டும்
ஒரு நொடி முந்திச் சிரிப்பாள்.
மனிதர் இன்னும் விழவில்லை,
சும்மா நின்று பார்க்கிறார், அவ்வளவே.
தனியாக ஒலிக்கும் அந்தச் சிரிப்புக்குத்
தலைகள் திரும்பும்.
அவர் விழுந்து அரங்கம் அதிரும்போதோ
அவள் தோள் அசையாது,
கைப்பைக்குள் எதையோ துழாவிக்கொண்டிருப்பாள்.

கதை தெரிந்த பெருமை என்றுதான் நினைத்தேன்.
சின்ன அரங்கு, டிக்கெட் கிழிப்பதும் நானே.
அவளுடைய பதினோராவது டிக்கெட்டைக் கிழிக்கும்போது
கேட்டே விட்டேன்.

"விழுகிறது வேற ஆள்.
லண்டன்காரன், விழுந்தே சம்பாதிக்கிறவன்.
அவனுக்கு நான் எதுக்குச் சிரிக்கணும்?
அதுக்கு முன்னால நிக்கிறாரே, அது என் ரெஜ்.
'பயந்த மாதிரி பாரு'ன்னு சொன்னாங்களாம்.
பயமா அது?
நான் சாவியைத் தொலைக்கிறப்பல்லாம்
வாசல்ல நின்னு பார்க்கிற பார்வை.
முப்பத்தாறு வருஷம் எனக்கு மட்டும் தெரிஞ்ச பார்வை.
பிப்ரவரியில போயிட்டார்.
படத்தைப் பார்க்கக்கூட இல்லை."

பிறகு கேட்டாள்,
"பாப்கார்ன் இன்னிக்குச் சூடா இருக்கா?"

வியாழனன்று கடைசிக் காட்சி.
ஆறு பேர்.
நாளை முதல் ஏதோ ஒரு விண்வெளிப் படம்.
ஐம்பத்திரண்டாம் நிமிடத்தில்
என் விரல் நிறுத்தும் பொத்தானின் மேல் இருந்தது.
வைத்தால் வைத்தபடி நிற்பார் ரெஜ்,
ஐஸ் உருகாமல்.

அழுத்தவில்லை.
கீழே அவள் சிரித்தாள்.
மேலே, பிஸ்கட் மூடி சன்னலில் வாய் வைத்தாற்போல
நானும்.

கிளெமென்ட் முதலில் அவளை,
பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்தார்,
கணக்கில்
ஒன்று கூடிவிட்டவர் போல.