ஐந்தாம் பூச்சு

லிம் சூ காங் சாலையில் பஸ்ஸை விட்டிறங்கி
கல்லறைகளைத் தாண்டி, தவளைப் பண்ணையும் தாண்டி நடந்தால்
தகரக் கூரையோடு ஒரு மாதா கோவில்.
கம்பம் காலியாகி நாற்பது வருடம்.
பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று
போன ஆண்டுதான் அரசிதழில் வந்தது.

என் வேலை சுவரைச் சுரண்டுவது.
அறுவைக் கத்தி, பூதக்கண்ணாடி, தூரிகை.
வாசலுக்கு இடப்புறம், வெளிச்சுவரில்,
தபால்தலை அளவில் தொடங்கினேன்.

மேலே தள்ளுபடியில் வாங்கிய எமல்ஷன்.
அதன் கீழ் இளம்பச்சை: ராணுவ முகாமில் மிஞ்சியது.
பிறகு மஞ்சள்.
பிறகு சலவை நீலம் கரைத்த சுண்ணாம்பு.
ஐந்தாவது
கறுப்பு.

பூஞ்சணம் என்று நினைத்தேன். முகர்ந்தேன்.
எண்பது வருடம் மூடிக் கிடந்த புகை.

செவ்வாய்தோறும் மெழுகு சுரண்ட வரும் மேரி டியோ கெக் எங்
வாளியைக் கீழே வைத்தார்.
"நான் அப்போது பிறக்கவில்லை. அம்மா சொன்னதுதான்.
வெள்ளைச் சுவர் விமானத்துக்குத் தெரியுமாம்.
ரப்பர் புகைக்கூடத்துக் கரியை அப்பா வழித்துவந்தார்.
சந்தியாகு உபதேசியார் அதை மரவள்ளிக் கஞ்சியில் குழைத்தார்.
குடிக்க வைத்திருந்த கஞ்சி!
அம்மா இருவரையும் திட்டினாள்,
அப்பாவைத் தியோச்சியூவில், உபதேசியாரை மலாயில்."

இன்னும் இரண்டு சாண் திறந்தேன்.
கரியில் ஆணிக் கீறல்கள்,
நான்கு நட்டுக் குறுக்கே ஒன்று.
மொத்தம் நாற்பத்து மூன்று.

"சாமியார் வர முடியாமல் போன ஞாயிறுகள்" என்றார் மேரி.
சாங்கியில் பெட்டி ஏற்றும் சந்தியாகுவின் பேரன்
தொலைபேசியில் சிரித்தார்:
"மரவள்ளி மூட்டை. தாத்தா கணக்கில் கெட்டி."
இருபத்தாறாவது கோடு மட்டும் ஆழம்.
பூசையில்லாமலே தன் பெற்றோர் கைப்பிடித்த ஞாயிறு அது
என்கிறார் மேரி.
ஆணி மாற்றியிருப்பார் என்கிறார் பேரன்.
அறிக்கையில் இரண்டையும் எழுதினேன்.

குழு கூடியது.
அசல் நிறத்துக்குத் திருப்ப வேண்டும் என்பது விதி.
அசல் எட்டாவது அடுக்கில், சிப்பிச் சுண்ணாம்பு வெள்ளையாக.
கரியை வழித்தால்தான் அது தெரியும்.
ஒருவர் "கறை" என்றார்.
நான் "பூச்சு" என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்கு நாற்பது நிமிடம், இரண்டு சுற்று கோப்பி.

கடைசியில்,
தாள் அளவில் ஒரு கண்ணாடி ஜன்னல்.
மற்றதை வழிக்காமல்
மேலேயே வெள்ளை அடிப்பது.
ஜன்னலுக்குள் பதினொரு கோடுதான் அடங்கியது.

மீதி முப்பத்திரண்டின் மேல் அடித்தவள் நான்தான்.
முதல் கையில் கோடுகள் நனைந்து
முன்னைவிடக் கறுத்துத் தெரிந்தன.
இரண்டாம் கையில் மங்கல்.
மூன்றாவது காய்வதற்குள்
அருகே பயிற்சித் திடலில் சுட ஆரம்பித்தார்கள்.
கூரைத் தகரம் நடுங்கியது.
மேரி ஈரம் பார்க்காமல் உள்ளங்கையை வைத்து
"இங்கேதானே?" என்றார்.
அரை அடி தள்ளியிருந்தது. நான் சொல்லவில்லை.
கைத்தடத்தின் மேல் இன்னொரு பூச்சு.

வரைபடத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன்:
தரையிலிருந்து ஒன்றரை மீட்டர், ஜன்னலுக்கு வலப்புறம்.
அடுத்துச் சுரண்ட வருபவரே,
நான்காம் வெள்ளை முடியும்போது
கத்தியைக் கொஞ்சம் படுக்கவைத்துப் பிடியுங்கள்.