இடது பின்னங்கால்

அந்தக் காளையை நான் பார்த்ததில்லை.
எண் மட்டும் தெரியும்: நானூற்றுப் பதினேழு.
மஞ்சள் குச்சியில் பொடி எழுத்து.
செத்து ஆறு வருஷம் ஆகிறது,
வயிற்று உப்புசம் என்று பதிவேடு சொல்கிறது.
ஆனாலும் என் பைக்கின் பின்சீட்டில்,
நைட்ரஜன் கேனுக்குள்,
பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரியில்
அதன் கோபம்
கெடாமல் வருகிறது.

முதலில் தூனேரியில் உதைபட்டேன்.
இடது பின்னங்கால்.
காதைக்கூட மடக்கவில்லை.
ஈ கடித்திருக்கும், என் கை சில்லிட்டிருக்கும்
என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.
பிறகு கக்குச்சியில். அதே கால்.
அப்புறம் நெடுகுளாவில் முட்டிச்சிப்பி நகர்ந்து
பதினெட்டு நாள் மெடிக்கல் லீவு.
பழைய ரெஜிஸ்டரை மடியில் விரித்துத்
தகப்பன்களைத் தேடினேன்.
மூன்றுக்கும் நானூற்றுப் பதினேழு.
ஒன்றையொன்று பார்த்திராத மூன்று பசுக்கள்.
ஒன்று அடிவாங்கி வளர்ந்தது.
ஒன்று கழித்துப்போட்ட கேரட் தின்று
செல்லமாக வளர்ந்தது.

படிவத்தில் கட்டங்கள் உண்டு:
பால் லிட்டரில், கொழுப்பு சதவீதத்தில்,
சினை பிடித்த தேதி, ஈன்ற தேதி.
சுபாவத்துக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் நானே போட்டேன்:
நிற்கும். நகரும். உதைக்கும்.
ஒரே ஒரு மாட்டுக்கு: யோசிக்கும், பிறகு உதைக்கும்.

மேட்டுப்பாளையம் சந்தையில் இபுராகிம் ராவுத்தர்
கண்ணுக்கு மேலே சுழி ஏறிய மாடென்றால்
கயிற்றைத் தொடமாட்டார்.
நான் சிரித்திருக்கிறேன்.
பயிற்சி முகாமில் ஒரு மேடம்
திரை முழுக்க மாட்டு நெற்றிகளாகக் காட்டி,
சுழி ஏற ஏறத் துள்ளலும் ஏறுகிறது,
வெளிநாட்டில் அளந்திருக்கிறார்கள் என்றபோது
கையிலிருந்த டீ ஆறிப்போனது.
கருவில் தோலும் மூளையும்
ஒரே மடிப்பிலிருந்து பிரிகின்றனவாம்.
அப்படியும் ரத்தம் கால்வாசி, மூன்றில் ஒன்று,
மிச்சமெல்லாம் கொட்டிலும் கையும் என்றார்.
என் முட்டிக்கு இந்தக் கணக்குத் தெரியாது.
குச்சியில் சுழியும் தெரியாது.

நேற்று எப்பநாட்டிலிருந்து மாதி போன் பண்ணினாள்.
வெள்ளை மாடு காலையிலிருந்து கத்துகிறதாம்.
புது ஊசி வந்திருக்கிறது, என்றேன்,
சாதுவான வம்சம், கிடாரிக் கன்றாகவே விழும்.
"வேண்டாம் சார். கெம்பிக்கு அப்பன் யாரு,
அதையே போடுங்க."

எனக்குக் கெம்பியைத் தெரியும்.
கால்சட்டையில் அதன் குளம்பு அச்சு
மூன்று துவைப்பு தாண்டியும் போகவில்லை.

"மார்கழியில சிறுத்தை பலகையைப் பேத்துக்கிட்டு வந்துச்சு.
வெள்ளைச்சி நின்னா. அப்படியே நின்னா.
அவ கன்னு போச்சு.
கெம்பியோட கன்னு அதோ மேயுது.
காலையில அவ குளம்புல
மஞ்ச மயிரு ஒட்டியிருந்துச்சு சார்,
இடது கால்."

கேனில் இன்னும் இரண்டே குச்சி.
மேலே எழுதிக் கேட்டால்
கழிக்கச் சொல்லித்தான் பதில் வரும்.
எழுதவில்லை.

தேயிலைக்கு மேல் மேகம் இறங்கிய நேரம்,
வெந்நீரில் அரை நிமிஷம் பிடித்தேன்.
ஒரு குச்சி நீளக் குளிர்
விரலில் இளகியது.
வெள்ளைச்சி நின்றாள்,
சிறுத்தைக்கு நின்றது போலவே எனக்கும்.
என் முதுகுக்குப் பின்னால் கெம்பி
வைக்கோலை மெல்வதை நிறுத்தியது.

திரும்பிப் பார்க்க முடியாது,
கை உள்ளே இருக்கிறது.