இலைக்கொரு காம்பு

ஏப்ரல் வந்தால் இத்ரீத்சா ஆற்றோரக் காடு
பூண்டு மணக்கும்.
பேருந்தில், தேவாலயத்தில், வங்கி வரிசையில்கூட
நேற்று இலை பறித்தவர் யாரென்று
மூக்கே சொல்லிவிடும்.
குளிர்காலம் முழுக்க உருளைக்கிழங்கும்
புளித்த முட்டைக்கோசும் தின்ற நாக்கு
முதல் பச்சைக்கு ஏங்கும்.
இரத்தம் சுத்தமாகும் என்பார்கள்.
ஆகிறதா, தெரியாது.
சூப் நன்றாக இருக்கும். அது தெரியும்.

ஸோஃப்கா இன்று கூடையோடு வந்தாள்.

போன வசந்தத்தில் அவள் பறித்த இலையில்
வேறோர் இலை கலந்திருந்தது.
அவள் அரைக் கிண்ணம் குடித்தாள்.
பசிக்காரன் ஃபெர்தோ
அவள் மிச்சத்தையும் வழித்துக் குடித்தான்.
மூன்றாம் நாள் லுப்லியானா ஆஸ்பத்திரியில்
அவன் சிறுநீரகம் நின்றது.
ஐந்தாம் நாள் மற்றதெல்லாம்.

"முகர்ந்துதான் பறித்தேன்" என்றாளாம் டாக்டரிடம்.
பொய்யில்லை.
பத்து இலை பறித்த கையில்
பதினோராவதும் பூண்டுதான் மணக்கும்.
அவள் முகர்ந்தது தன் விரலை.

அந்த இன்னொன்று, பொத்லேசெக்,
செப்டம்பரில் வெட்டிய புல்வெளியில் ஊதாவாய்ப் பூக்கும்,
ஓர் இலைகூட உடுத்தாமல்.
வசந்தத்தில் இலை வரும்போது பூ இருக்காது.
அதன் இலையை அதன் பூ பார்த்ததே இல்லை.
அடையாளம் காட்ட யாரைக் கூப்பிடுவது?
மாட்டுக்குத் தெரியும்,
ஒதுக்கிவிட்டு மேயும்.

என் யெர்னேய் முக்காலியில் காலை நீட்டியிருக்கிறான்.
கால் பெருவிரல், தக்காளி.
போர்வை நுனி பட்டாலும் கூரை அதிரக் கத்துவான்.
காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று.
மருந்துக்கடைக்காரன் பெட்டிமேல்
'இரண்டைத் தாண்டாதே' என்று பேனாவால் எழுதி
இருமுறை அடிக்கோடிட்டான்.
ஏன் இருமுறை என்று
உள்ளே மடித்திருந்த தாளைக் கண்ணாடி போட்டுப் படித்தேன்:
அதே செடியின் சத்து.
ஃபெர்தோவைக் கொண்டுபோனது
என் வீட்டில் இரவு எட்டு மணிக்கு
ஒரு மிடறு தண்ணீரோடு உள்ளே போகிறது.
ஸோஃப்காவிடம் இதைச் சொன்னதில்லை.
அவன் வலி குறைகிறது என்பதையும்.

கூடையை மேசைமேல் வைத்தாள்.
"நானே பறித்தது" என்றாள்,
வருடா வருடம் சொல்வது போல.
சொன்னது பிறகுதான் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.
கைப்பிடியை விடவில்லை.

எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கி வந்தாளோ.
வாங்கி வைத்துக்கொண்டு, நன்றி சொல்லி,
அவள் தெருமுனை திரும்பியதும்
கோழிக்கும் எட்டாத இடத்தில் கொட்டியிருக்கலாம்.
எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது.

வெள்ளைத் துணி விரித்தேன்.
கையைச் சோப்பு போட்டுக் கழுவினேன்,
மறுபடி கழுவினேன்.
இலைக்கொரு காம்பு இருந்தால் இந்தப் பக்கம்.
காம்பில்லாமல் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு
ஒரே உறையிலிருந்து கிளம்பியிருந்தால் அந்தப் பக்கம்.
அவள் முகத்தைப் பார்க்காமல் முடித்துவிட நினைத்தேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டு
அவளும் எடுக்க ஆரம்பித்தாள்,
என்னைவிட மெதுவாக,
ஒவ்வொரு காம்பையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து.
நூற்றுப் பன்னிரண்டு. எண்ணியது அவள்.
அந்தப் பக்கம் வெறும் துணி.
மறுபடி எண்ணினோம்.

"மணம் வருதே, என்ன சமையல்?"
உள்ளிருந்து யெர்னேய்.
நாங்கள் பதில் சொல்லவில்லை.
உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது.
கத்தியை எடுத்து நீட்டினாள்,
பிடி என் பக்கமாக.

மூன்று கிண்ணம் எடுத்து வைத்தேன்.
ஒன்றைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.
"முதலில் இதில் ஊற்று" என்றாள்.
"நீங்கள் நாளைக்குக் குடியுங்கள்."